வொயிட் ஆயில்

பொன்னுச்சாமி அண்ணாச்சிக்கு உலகத்துல எல்லாச் சீக்குக்கும் ஒரே மருந்துதான், வொயிட் ஆயில். ஓவர்லாக் தையல் மிஷின் இறுக்குதா, நாலு சொட்டு வொயிட் ஆயில். எங்க வீட்டுத் தாப்பாள் மாட்டலையா, அதுக்கும் அதேதான். பாக்கத் தண்ணி மாதிரி இருக்கும், பனியன் துணியில பட்டாலும் கறை புடிக்காது. நீளமூக்குக் கேன்ல அதை நெறச்சு, டூல்ஸ் பையோட டிவிஎஸ் முன்னால தொங்கவிட்டுக்கிட்டு, நல்லூருக்கும் மண்ணரைக்கும் நடுவுல எந்தக் கம்பெனியில மிஷின் நின்னாலும் போயி ஓட வச்சுட்டு வருவாக. முப்பது வருசத்து மெக்கானிக்கு. தப்புப் பண்ணிட்டேன்னு அவுக வாயால சொல்லி நான் கேட்டது கெடையாது.

நான் செல்லத்தாய். சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. பொழைக்க இங்க திருப்பூர்ப் பக்கம் வந்து பதினாறு வருசமாச்சு. மண்ணரையில ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கேன். நல்லூர்ல அண்ணாச்சியும் அவுக சம்சாரம் வெள்ளையம்மாக்காவும் இருக்கிற அதே லைன் வீட்டுல அடுத்த கதவு என்னுது. எனக்கு வாய் நீளம்னு சூப்பர்வைசர் சொல்லுவான். நீளமா இருக்கப் போயித்தான் இந்த ஊர்ல குப்பை கொட்டுதேன். ஆனா அந்த வெள்ளிக்கெழமை மட்டும் என் வாய்க்கு என்ன வந்துச்சுன்னு தெரியலை.

அண்ணாச்சிக்கு ஒரே மக, நாகஜோதி. ரெண்டு வருசத்துக்கு முன்னால பெருமாநல்லூர்ல கட்டிக் குடுத்தாக. மாப்பிள்ளை ராஜ்கமல் அங்கேயே ஒரு கம்பெனியில கட்டிங் மாஸ்டர், அதிர்ந்து பேச மாட்டாரு. மாப்பிள்ளை வீட்டுல வண்டி கேக்கலை. மாப்பிள்ளை பஸ்ஸுல வந்து எறங்குனா நாலு பேரு என்ன சொல்லுவாகன்னு அண்ணாச்சியே யோசிச்சு, முன்னால டிஸ்க் பிரேக் வச்ச கறுப்பு வண்டி ஒண்ணு எடுத்துக் குடுத்தாக. அன்னையிலிருந்து அந்த வண்டியப் பத்தி யாரு என்ன சொன்னாலும் அது தன்னையச் சொன்னதுதான் அண்ணாச்சிக்கு. செயின்ல சத்தம் வருதுன்னு ஒருக்கா மாப்பிள்ளை சொல்லிட்டாருன்னு ரெண்டு நாளு சரியாச் சாப்பிடலை, பாத்துக்கோங்க.

அந்த ஐப்பசி ஞாயித்துக்கெழமை மகளும் மருமகனும் விருந்துக்கு வந்திருந்தாக. நாகஜோதிக்கு ஏழாம் மாசம். வெள்ளையம்மாக்கா நாட்டுக்கோழி அடிச்சு, மசாலாச் செலவு அரைச்சு ஊத்தி, தெருவே மணக்கக் கொழம்பு வச்சிருந்துச்சு. மாப்பிள்ளை எலும்பைக் கடிச்சுக்கிட்டே பதமாத்தான் சொன்னாரு, முன் பிரேக்கு கொஞ்சம் உள்ள போயித்தான் புடிக்குது, பட்டறையில காட்டணும்னு. அதுக்கப்புறம் அண்ணாச்சிக்குக் கொழம்பு எறங்கலை.

மத்தியானம் மாப்பிள்ளை தூங்குன நேரம், அண்ணாச்சி வண்டி ஹேண்டில்ல இருக்கிற சின்னப் பிரேக் டப்பாவைத் திறந்தாக. உள்ள எண்ணெய் மாதிரி ஒண்ணு பாதிதான் இருந்துச்சு. இவ்வளவுதானா சமாச்சாரம்னு சிரிச்சாக. வாழ்நாள் பூரா டிவிஎஸ் ஓட்டுன மனுசன். அதுல கம்பிய இறுக்கினா பிரேக்கு. டப்பா வச்ச பிரேக்கை அவுக கையால தொட்டதே இல்ல. கேன் மூக்கை விட்டு வொயிட் ஆயிலை விளிம்பு வரைக்கும் ஊத்தி, மூடியப் போட்டு, லீவரை நாலு அமுக்கு அமுக்கினாக. புடிப்பு வந்திருச்சு. பட்டறைக்காரன் ஒரு நாளு வேலைன்னு சொல்லியிருப்பான்னு எங்கிட்டப் பெருமை வேற. துணி காயப் போட வந்தவ, நானும் சிரிச்சுக்கிட்டு நின்னேன். அந்த மூடியோட ரெண்டு ஸ்குரூவையும் உள்ளங்கையில வாங்கி வச்சிருந்தவளே நாந்தான்.

வெள்ளிக்கெழமை காலையில தூத்தல். எனக்குக் கம்பெனி பஸ் போயிருச்சு. எங்க கம்பெனிக்குத்தான் அண்ணாச்சியும் போறாகன்னு டிவிஎஸ் பின்னால ஏறிக்கிட்டேன். போற வழியில கிளச் வயர் வாங்க மண்ணரையில பக்கீர் முகமது பாய் பட்டறையில நிறுத்துனாக. பாய் கடைக்கு முன்னால ஒரு வண்டிய ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைக் காலால உதைச்சுக்கிட்டு இருந்தாரு. சக்கரம் அசையலை. கையில ஒரு ரப்பரு வச்சிருந்தாரு, தண்ணியில ஊறுன அப்பளம் மாதிரி உப்பிப் போயி நெளிஞ்சு கெடந்துச்சு.

எவனோ ஒரு மகராசன் பிரேக் டப்பாவுல எஞ்சின் ஆயிலை ஊத்தி வச்சிருக்கான்னு பாய் சொன்னாரு. எந்த எண்ணெயா இருந்தாலும் இதுக்கு விசமாம். மொத ரெண்டு நாளு நல்லாப் புடிக்குமாம். அப்புறம் உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் உப்பி, புடிச்ச பிரேக்கு விடாதாம். ஓட ஓடச் சூடேறி, ஏதோ ஒரு எடத்துல முன் சக்கரம் அப்படியே நின்னுருமாம். ஓட்டுறவன் முன்னால போயி விழுவான், பின்னால உக்காந்திருக்கிறவுக அதுக்கும் முன்னால போயி விழுவாகன்னு சொல்லிட்டு, ஊத்துனவனை ஒரு வார்த்தை வஞ்சாரு.

நான் அண்ணாச்சியப் பாத்தேன். அவுக கேனைப் பாத்துக்கிட்டு இருந்தாக.

"ஏனுங் பாய், இந்த வொயிட் ஆயிலு?"

"அதுவும் எண்ணெய்தானுங்களேண்ணா. ஆரு ஊத்துனது?"

தெரிஞ்ச பையன் ஒருத்தன்னு சொன்னாக அண்ணாச்சி. பாய் நல்ல மனுசன், நோண்டிக் கேக்கலை. மூடியிலேயே எழுதியிருக்கும், இந்த வண்டிக்கு டாட் ஃபோர்ங்கிற பிரேக் ஃபுளூயிடுதான், அதுவும் சீல் பிரிக்காத டப்பாவுல இருந்துதான் ஊத்தணும், பிரிச்சு வச்சது மழைக்காலத்துல காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுரும்னு வெவரமாச் சொன்னாரு. அப்ப அந்த எண்ணெயக் கொட்டிட்டு இதை ஊத்திட்டாச் சரியாப் போயிருமான்னு அண்ணாச்சி கேட்டாக. ஆகாதாம். உப்புன ரப்பரு உப்புனதுதானாம், மேலேயும் கீழேயும் எல்லா ரப்பரையும் மாத்தி, குழாயக் கழுவி, அப்புறம் ஊத்தணுமாம்.

"அந்தப் பையனை வண்டிய உருட்டிட்டு வரச் சொல்லுங்கண்ணா. ஏறி ஓட்டக் கூடாது. ஒரு தெரு கூட."

அப்பவும் அண்ணாச்சி ஒரு டாட் ஃபோர் டப்பாவும் ரப்பர் செட்டும் வாங்கி டூல்ஸ் பையில வச்சுக்கிட்டாக. வெளிய வந்து தூத்தல்ல நின்னுக்கிட்டு எங்கிட்ட மெல்லச் சொன்னாக, இன்னைக்கு நாகஜோதிக்கு ஸ்கேன்னு. திருப்பூர்ல பதினோரு மணிக்கு டோக்கன். மாப்பிள்ளை பெர்மிஷன் போட்டுட்டு வந்து பத்தரைக்கு வண்டியில கூட்டிட்டுப் போறாராம். ஞாயித்துக்கெழமை வீட்டுக்குப் போனதுக்கப்புறம் அவரு கம்பெனிக்கு ரெண்டு தெருதான் ஓட்டியிருக்காரு. இன்னைக்குத்தான் தூர ஓட்டம்.

போனைப் போட்டு உள்ளதைச் சொல்லுங்கன்னேன். போனைப் போட்டாக. ஆனா சொன்னது வேற.

"கண்ணு, பத்தரைக்குக் கெளம்பாதீங்க. வெள்ளிக்கெழமை, பத்தரையிலிருந்து ராகுகாலம். வவுத்துப் புள்ளையோட ஆகாது. பன்னெண்டுக்கு மேல நானே வந்து ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன்."

மழை பேயுது, சரிங்கப்பா, பாத்துக்கறோம்னு அந்தப் புள்ளை வச்சிருச்சு. அண்ணாச்சி மூஞ்சியில உசிரு வந்துச்சு. பன்னெண்டு வரைக்கும் அவுக நகர மாட்டாக, நான் பதினோரு மணிக்குப் போயி மாப்பிள்ளை அசந்த நேரம் எல்லாத்தையும் மாத்திருவேன், காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும்னாக. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கிய அண்ணாச்சின்னு நான் கத்துனேன். ரோட்டுல போன வடக்கத்திப் பயலுக ரெண்டு பேரு திரும்பிப் பாத்தானுக. அவுக வண்டியத் தள்ளி ஸ்டார்ட் பண்ணாக.

"என்ற மருமவன் முன்னாடி என்னையத் தலை குனிய வெக்காத செல்லத்தாயி."

அப்படிக் கேட்டா என்ன செய்ய? பொத்திக்கிட்டு ஏறி உக்காந்தேன். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு எனக்கு என் மேலயே கோவம்.

கம்பெனி வாசல்ல எறங்குறதுக்குள்ள சூப்பர்வைசர் ஓடி வந்தான். பேட்லாக் மிஷின் ஒண்ணு தையலை விட்டு விட்டு அடிக்குது, சாயந்திரம் ஷிப்மென்ட், லைனே நிக்குதுன்னு அண்ணாச்சி கையப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிட்டான். நேரம் இருக்குதுன்னு அவுகளும் போனாக. நான் போனை செக்யூரிட்டி பெட்டியில போட்டுட்டு என் மேசைக்குப் போனேன். பீஸை எடுத்து விரிக்கேன், ஓட்டையப் பாக்கேன், கறையப் பாக்கேன், எதுவும் கண்ணுல தங்கலை. நல்ல பீஸைக் கழிச்சதுல போட்டேன், ஓட்டை பீஸை நல்லதுல போட்டேன். பக்கத்துல அண்ணாச்சி குனிஞ்சு அடிநூல் கோக்கிற லூப்பரைக் கழட்டி மாட்டுதாக. கண்ணை மூடிக்கிட்டே பண்ற வேலை. அன்னைக்கு ஸ்குரூ ரெண்டு தடவை கை தவறி விழுந்துச்சு. கடைசியில பழக்கத்துல கேனை எடுத்து ரெண்டு சொட்டு விடப் போனவுக, அப்படியே கேனைக் கையில வச்சுக்கிட்டு நின்னுட்டாக. வேலை முடிஞ்சு மிஷின் ஓடும்போது மணி ஒம்பதே முக்கால்.

எனக்கு இருப்புக் கொள்ளலை. வவுத்து வலின்னு எழுதிக் குடுத்து, பெட்டியில இருந்து போனை எடுத்துக்கிட்டு அவுக பின்னாலயே வெளிய வந்து டிவிஎஸ்ல ஏறிட்டேன். எதுக்கு வாரேன்னு அவுகளும் கேக்கலை. பெருமாநல்லூர் ரோட்டுல கம்பெனி பஸ்ஸும், துணி மூட்டை ஏத்துன டெம்போவும், குழியில தேங்குன சாயத்தண்ணி நெறத்து மழைத்தண்ணியும். அண்ணாச்சி வண்டிய முறுக்குறதும் விடுறதுமா இருந்தாக. நாகஜோதிக்கு ரெண்டு தடவை போன் அடிச்சாக, எடுக்கலை. தூங்குவான்னு அவுகளே சொல்லிக்கிட்டாக. மறுபடி அடிச்சாக.

பூலுவபட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். எதிர்ப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில பச்சைச் சேலையும் குடையும் தெரிஞ்சுச்சு. நாகஜோதி குடையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. ராஜ்கமல் முன் சக்கரத்துக்குப் பக்கத்துல உக்காந்து, அவ குடிக்கக் கொண்டு வந்த தண்ணிய டிஸ்க்குல ஊத்துறாரு. சுர்ருன்னு ஆவி வருது. ரப்பரு தீயுற நாத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்.

அண்ணாச்சி வண்டியப் போட்ட வாக்குல ரோட்டைக் கடந்தாக. வேற ஒண்ணும் கேக்கத் தோணாம, இந்நேரத்துல எங்க மாப்ளேன்னு கேட்டாக.

"நீங்கதானுங்க மாமா ராகுகாலம்னு சொன்னீங்க. பன்னெண்டுக்கு மேல டாக்டர் இருக்க மாட்டாருங்க. அதான் பத்தரைக்குள்ள உள்ள போயிறலாம்னு எங்கம்மா மழையில கம்பெனி வாசலுக்கே வந்து சொல்லி உட்டாங்க. வெசையா வந்தமுங்க. ஆரோ பொறகால புடிச்சு இழுக்கற மாதிரி வண்டி வரவே இல்லீங்க. நிறுத்திப் பாத்தா டிஸ்க் கொதிக்குது. இப்ப ஆறிருச்சுங்க, வீல் சுத்துது."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாக. அண்ணாச்சி புளுகு ஒன்றரை மணி நேரங்கூடத் தாங்கலை. வீட்டுல கெடக்க வேண்டியவுகளை அதுதான் கெளப்பி, வேகமா வேற ஓட்ட வச்சிருக்கு. அப்பவாச்சும் சொல்லுவாகன்னு பாத்தேன். ராகுகாலம் நெருங்கிருச்சு, வண்டி வேண்டாம், ஆட்டோவுல போங்கன்னாக.

மாப்பிள்ளை போன்ல மணி பாத்தாரு. பத்தே கால் கூட ஆகலை, இப்பக் கெளம்புனாப் போயிறலாம்னு ஸ்டாண்டை எடுத்துட்டாரு. நாகஜோதி குடைய மடக்கி எங்கிட்டக் குடுத்துட்டு, ஒரு கைய அவரு தோள்ல வச்சு, ஃபுட்ரெஸ்ட்டுல காலை வச்சா. வவுறு தள்ளி நிக்கிற புள்ளை, மெல்லத்தான் ஏற முடியும். நான் வாயத் தொறந்துட்டேன். அதுக்குள்ள அண்ணாச்சி ரெண்டு கையாலயும் ஹேண்டிலைப் புடிச்சுட்டாக.

"எறங்கு கண்ணு. அந்தப் பிரேக்குல மிஷின் எண்ணெய ஊத்துனது நானு. ஞாயித்துக்கெழமை, மாப்பிள்ளை தூங்குனப்ப. ஊத்துனப்பத் தெரியாது. காலையில தெரிஞ்சுது. தெரிஞ்சும் உங்கிட்டச் சொல்லலை."

ஒரு டெம்போ ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. நாகஜோதி ஃபுட்ரெஸ்ட்டுல இருந்து காலை எடுத்தா. வவுத்து மேல கைய வச்சுக்கிட்டு அப்பனையே பாத்தா. அழுவான்னு நெனச்சேன், அழலை. வஞ்சிருந்தாக் கூட அண்ணாச்சி தாங்கியிருப்பாக. அவ ரோட்டோரம் போயி நின்னு, வர்ற ஆட்டோவுக்குக் கைய நீட்டுனா. மாப்பிள்ளை வண்டியில இருந்து சாவிய உருவி மாமனார் கையில குடுத்தாரு.

"நான் அன்னைக்கே பட்டறையில உடலாம்னு சொன்னனுங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னாரு. சத்தங்கூடப் போடலை. ஆட்டோவுல ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் அண்ணாச்சி அந்த வேப்பமரத்தடி ஈரத்துலயே உக்காந்துட்டாக. எனக்கு நல்லா நாலு கேக்கணும்னுதான் இருந்துச்சு. ஸ்குரூ வாங்கி வச்சிருந்தவளுக்கு என்ன யோக்கியதை? அவுக போனை வாங்கி பக்கீர் பாய்க்கு அடிச்சேன். அவரு டெம்போவோட வந்து வண்டிய ஏத்திட்டுப் போனாரு.

பட்டறையில பாய் மூடியத் திறந்தாரு. உள்ள இருந்த ரப்பரு உப்பி, டப்பாவுக்குள்ள கொள்ளாம மடங்கிக் கெடந்துச்சு. தெரிஞ்ச பையன் யாருன்னு பாய்க்குப் புரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு ரப்பராக் கழட்டித் தட்டுல வச்சாரு. பிரேக் பட்டையும் தேஞ்சு கெடந்துச்சு, அதனாலதான் டப்பாவுல பாதி எறங்கியிருந்திருக்கு. அண்ணாச்சி அந்த மூடியக் கையில வாங்கி வேட்டியில தொடச்சாக. டாட் ஃபோர்னு அதுல பெருசா அச்சடிச்சிருந்துச்சு. அன்னைக்கு அந்த எழுத்து மேலதான் அவுக கட்டைவிரலை வச்சு மூடியத் திறந்தாக. ஜப்பான் மிஷின் புஸ்தகத்தைப் படம் பாத்தே படிக்கிற மனுசன்.

பாய் எல்லாத்தையும் மாத்தி, புது டப்பாவோட சீலை அண்ணாச்சி கண்ணு முன்னால பிரிச்சு ஊத்திக் குடுத்தாரு. நடுவுல வெள்ளையம்மாக்காகிட்ட இருந்து எனக்குப் போன். ஸ்கேன் நல்லபடியா முடிஞ்சுதாம், குழந்தை நல்லா அசையுதாம். நாகஜோதி அம்மாவுக்குத்தான் அடிச்சிருக்கா, அப்பனுக்கு அடிக்கலை. சேதியச் சொன்னேன். அண்ணாச்சி தலைய மட்டும் ஆட்டிட்டு வண்டியில ஏறுனாக. தூத்தல்ல மண்ணரைத் தெருவுல போறாக, பிரேக்கை அமுக்குறாக, எறங்கி டிஸ்க்கைத் தொட்டுப் பாக்குறாக, மறுபடி போறாக. போதுமுங்கண்ணான்னு பாய் மூணு தடவை சொல்லிட்டாரு. சாயந்திரம் நாலு மணி வரைக்கும் ஓட்டுனாக.

பொழுதோட பெருமாநல்லூருக்கு அவுக அந்த வண்டியிலயும், நானும் வெள்ளையம்மாக்காவும் பஸ்ஸுலயும் போனோம். சம்பந்தியம்மா வேலாத்தாள் வாசல்லயே வந்து கூப்பிட்டு உக்கார வச்சாக. பக்கத்து வீட்டுப் பொம்பளையாளுக ரெண்டு பேரு வேற இருந்தாக. நாகஜோதி காப்பி கொண்டு வந்து அப்பன் முன்னால ஸ்டூல்ல வச்சுட்டு, மூஞ்சியப் பாக்காம கதவோரம் போயி நின்னுக்கிட்டா. மாப்பிள்ளை வீட்டுல உள்ளதைச் சொல்லலைன்னு எங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. பிரேக்கு கோளாறுன்னு மட்டும் சொல்லி முடிச்சிருக்காரு.

வேலாத்தாளம்மா அந்தப் பொம்பளைகளைப் பாத்து, எங்க சம்பந்தி வாக்கு தெய்வ வாக்குன்னு ஆரம்பிச்சாக. "பத்தரைக்கு மேல ராகுகாலத்துல கெளம்பியிருந்தா என்ற மருமவ இந்நேரம் என்னாயிருப்பாளோ. இவிய காலையிலேயே போன் போட்டுச் சொல்லப்போயித்தான் முன்னாடியே கெளம்பித் தப்பிச்சாங்க." கையெடுத்து அவுகளைக் கும்பிடவே கும்பிட்டாக.

மாப்பிள்ளை அண்ணாச்சியப் பாத்து, விடுங்க மாமாங்கிற மாதிரி லேசாத் தலைய ஆட்டுனாரு. வெள்ளையம்மாக்கா முந்தானையத் திருகிக்கிட்டு இருந்துச்சு. சும்மா இருந்திருக்கலாம். காப்பியக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்திருந்தா அந்தத் தெருவே அவுகளைச் சாமி மாதிரி பேசியிருக்கும். அண்ணாச்சி டம்ளரை எடுத்தாக. திரும்பவும் வச்சாக. எந்திரிச்சு நின்னாக.

"சம்பந்தியம்மா, இன்னைக்கு என்ற புள்ளைக்கு ராகுகாலம்னு ஒண்ணு இருந்துதுன்னா, அது நாந்தானுங்க."

அப்புறம் ஒண்ணு விடாமச் சொன்னாக. கோழிக் கொழம்புல ஆரம்பிச்சு, கேனு, பாய் கையில இருந்த ரப்பரு, போன்ல சொன்ன பொய்யி, வேப்பமரத்தடியில ரெண்டாந்தடவை சொன்ன பொய்யி. வேலாத்தாளம்மா முகம் மெல்ல மாறிக்கிட்டே வந்துச்சு.

"நானு அந்த மழையில ஓடுனனுங்களே சம்பந்தி," அப்படின்னாக. "பையனை வெசையாப் போடான்னு நாந்தானுங்க சொல்லி உட்டேன்."

அண்ணாச்சி நின்ன எடத்துலயே கையக் கட்டிக்கிட்டு நின்னாக. முப்பது வருசமா நிமிர்ந்து கம்பெனிக்குள்ள போற மனுசனை அப்படிப் பாக்க எனக்கே சகிக்கலை.

அப்புறம் கதவோரத்துல இருந்து நாகஜோதி நடந்து வந்தா. ஸ்டூல்ல இருந்த டம்ளரைத் தொட்டுப் பாத்தா. எடுத்து அப்பன் கையில குடுத்தா.

"ஆறிப்போச்சுங்கப்பா. இதைக் குடிங்க, சூடா இன்னொண்ணு கொண்டாறேன்."

வேப்பமரத்தடிக்கு அப்புறம் அந்தப் புள்ளை அவுகளோட பேசுன மொத வார்த்தை அதுதான். அண்ணாச்சி நின்னுக்கிட்டே அந்த ஆறுன காப்பிய ஒரு சொட்டு விடாமக் குடிச்சாக.